அடுத்த பிளாக்

போடலாமா வேண்டாமான்னு நான் சொல்ல மாட்டேன் சார். உங்க பணம், உங்க இஷ்டம். மடியில இருக்க நோட்டை எட்டிப் பாத்துட்டுக் கேக்கீங்க, அதனால பேசுதேன். ஆமா, பிட்காயின் பத்தித்தான். நாளைக்கு கோயம்புத்தூர்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க, அதுக்குத்தான் இந்த ரயில்ல போறேன். ‘பிளாக் அளவுப் போரும் அதன் பாடங்களும்’. தலைப்பு அவங்க வச்சது. போர்னு சொல்லது கொஞ்சம் அதிகம்தான். ஆனா போர்தான் சார். நாங்க ஜெயிச்சோம்.

என் பேரு தாணுலிங்கம். நாகர்கோவில். ஒரு பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு, இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

பிளாக்னா என்னன்னு கேக்கீங்களா? இந்தப் பணத்துக்கு பேங்க் கிடையாது. யாரு யாருக்கு எவ்வளவு அனுப்பினான்னு உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் ஒரே மாதிரி எழுதி வச்சுக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, அதுவரை வந்ததைச் சேத்து ஒரு கட்டாக்கிப் பூட்டும். அந்தக் கட்டுதான் பிளாக். ஒண்ணோட ஒண்ணைக் கோத்துட்டே போனா அது சங்கிலி. அப்ப ஒரு பிளாக்குக்கு ஒரு எம்.பி.தான் அளவு. உங்க போன்ல எடுக்க போட்டோ அதைவிடப் பெருசு. அதுக்குள்ள ரெண்டாயிரம், மிஞ்சிப்போனா ரெண்டாயிரத்து ஐந்நூறு பேர் அனுப்பினதுதான் கொள்ளும். மத்தவன் வெளிய காத்துக் கெடக்கணும். எவன் கூடக் கட்டணம் கட்டுதானோ அவன் முதல்ல ஏறுவான். அவ்வளவுதான் விஷயம். இந்த அளவைப் பெருசாக்கணுமா, இப்படியே விடணுமா, இதுலதான் உலகம் ரெண்டா நின்னுது.

எங்க ஊர்ல உலகம்னா பதினஞ்சு பேரு. ஞாயித்துக்கிழமை தோறும் வடசேரியில ததேயுஸோட கடையில கூடுவோம். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. ததேயுஸ் தோமையார்துறைக்காரன். கடக்கரை ஊரு. அவன் அண்ணன் கிளீட்டஸ் ஆழ்கடலுக்குப் போய்த்தான் இவனை டிப்ளமா படிக்க வச்சான். அப்பா இல்ல. அண்ணன்தான் எல்லாம். இவனுக்குக் கடல் ஒத்துக்காது, வள்ளத்துல ஏறினாலே வாந்தி எடுப்பான். அதுக்கு அவங்க அண்ணன், ‘நீ கரையில இருந்து கம்பியை முடுக்கு, நான் கடலைப் பாத்துக்கிடுதேன்’னு சொல்லுவானாம். இதைச் சொல்லும்போதெல்லாம் ததேயுஸ் சிரிப்பான்.

லேப் மெஷினை ரிப்பேருக்குக் கொண்டுபோன இடத்துலதான் பழக்கம். இந்த நாணயத்தைப் பத்தி எனக்கு முதல்ல சொன்னதே அவன்தான். பிறகு ஊர்ல எல்லாரும் நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்னு நினைச்சுக்கிட்டாங்க. வாத்தியார் இல்லையா நான். நானும் அதைத் திருத்தல, அவனும் திருத்தல.

அஞ்சு வருஷம் சார். அவன் கடையில இருந்து டீ வந்தா என் கிளாஸ்ல சர்க்கரை போடாமதான் வரும். நான் சொல்லி இல்ல. அவனாப் பாத்துச் சொல்லி வச்சது.

அவனுக்கு ஒரே ஒரு கனவு. அவங்க ஊர் ஆளுங்க பாதிப் பேரு வளைகுடாவுல கூலிக்கு மீன் பிடிக்காங்க. மாசம் அஞ்சாயிரம் பத்தாயிரம் வீட்டுக்கு அனுப்புவாங்க. இடையில இருக்கவன் அதுல கைவைப்பான். அது இல்லாம அங்க ஒருத்தன் போன்ல அனுப்பினா இங்க அவன் பெண்டாட்டிக்குப் பத்து நிமிஷத்துல வந்து சேரணும். ‘சாதாரண ஆளு டீக்கு காசு கொடுக்க முடியலன்னா அது என்னலே பணம்’னு கேப்பான். அதுக்கு பிளாக் பெருசாகணும். எட்டு எம்.பி., முப்பத்திரெண்டு எம்.பி. எத்தனை பேரு வந்தாலும் கொள்ளணும்.

கேக்க நல்லாத்தான் இருக்கும். நான் என்ன சொன்னேன்னா, பிளாக் பெருசாச்சுன்னா அதைச் சரிபாக்குறதுக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேணும், வேகமான இணைப்பு வேணும். என் வீட்டுல பழைய மெஷின்ல அந்தக் கணக்கோட ஒரு பிரதியை நான் ஓட்டிட்டு இருந்தேன். உலகத்துல நடக்க ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் நாகர்கோவில்ல ஒரு மச்சு ரூம்ல உக்காந்து நான் சரிபாக்கேன். யாரையும் நம்ப வேண்டாம். பிளாக்கைப் பெருசாக்கினா என்னை மாதிரி ஆளு வெளிய போயிருவான், பத்து கம்பெனி மட்டும் மிஞ்சும். பிறகு அதுவும் ஒரு பேங்க்தானே? இது சரியா இல்லையா சார், நீங்களே சொல்லுங்க.

சரிதான். இன்னைக்கும் சரிதான்.

2017 ஆகஸ்ட்ல பிரிஞ்சுது. பெரிய பிளாக் வேணும்னு சொன்னவங்க தனியா ஒரு சங்கிலியை வெட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அதுவரைக்கும் உள்ள கணக்கு ரெண்டு பக்கத்துக்கும் பொது. அதாவது, பிரியதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு காசு இருந்துதுன்னா, பிரிஞ்ச பிறகு பழைய பக்கத்துல ஒண்ணு, புதுப் பக்கத்துல ஒண்ணு. மதிப்புதான் வேற வேற. புதுப் பக்கத்துக்கு ஏறக்குறைய எட்டுல ஒரு பங்கு மதிப்புதான். இதை ஞாபகம் வச்சுக்கிடுங்க, பின்னால வருது.

பிரிஞ்ச வாரம் கூட்டத்துல பெரிய சண்டை. ததேயுஸ் அந்தப் பக்கம் போறேன்னு சொல்லிட்டான். கூட இருந்த ரெண்டு பேரு யோசிக்க ஆரம்பிச்சாங்க. எனக்கு ஆத்திரம். எனக்கு வந்த ஆத்திரத்துல ஒரு பேச்சு பேசினேன். ‘ஒங்க ஊர்ல எதையும் கூடை கூடையாத்தானே அளப்பீங்க, அதான் ஒனக்குப் பெருசு வேணும்’னு. விளையாட்டா சொன்னது சார். எல்லாரும் சிரிச்சாங்க. யாராவது ஒருத்தர் தப்புன்னு சொல்லியிருந்தா நான் அந்த நிமிஷமே வாபஸ் வாங்கியிருப்பேன். யாரும் சொல்லல.

 கடை ததேயுஸோடது, கேட்டீங்களா. எங்களைப் போகச் சொல்லியிருக்கலாம். அவன்தான் எந்திரிச்சு வெளிய போனான். நாங்க அவன் கடையிலயே இருந்து கூட்டத்தை முடிச்சுட்டு வந்தோம்.

அன்னைக்கு சாயங்காலம் எங்க வாட்ஸ்அப் குரூப்ல நான் எழுதினேன்: ‘அந்தப் பக்கம் என் சாவி விழாது. இது என் வார்த்தை.’ எல்லாரும் கைதட்டிப் போட்டாங்க.

சாவின்னா சொல்லுதேன். எங்க குழுவுக்கு ஒரு பொதுப் பணம் இருந்துது. வெளிநாட்டுல இருக்க நம்ம ஊர்க்காரங்க அப்பப்ப கொஞ்சம் கொஞ்சமா போட்டது. கடக்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைக்கணும்னு ததேயுஸ் ஆரம்பிச்சது. அதை எடுக்கணும்னா ரெண்டு பேரு கையெழுத்து போடணும். அந்தக் கையெழுத்தைப் போட வைக்க ரகசிய வார்த்தைகள்தான் சாவி. ஒரு சாவி அவன்கிட்ட, ஒரு சாவி என்கிட்ட. ஒருத்தர் மட்டும் நினைச்சா ஒரு பைசா நகராது. நம்பிக்கைக்காகச் செய்தது. அந்தப் பணமும் ரெண்டு பக்கத்துலயும் இருந்துது.

வள்ளியூரா இது? இல்ல, வள்ளியூர் போயாச்சு.

அந்த வருஷம் நவம்பர் கடைசியில ஒரு புயல் வந்துது. நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீங்க. வியாழக்கிழமை. எங்க மாவட்டத்துல அப்படி ஒண்ணை யாரும் பாத்ததில்ல. ரப்பர் மரமெல்லாம் ஒடிஞ்சு ரோட்டுல கெடந்துது. கரண்டு இல்ல, ஏ.டி.எம். வேலை செய்யல. எங்களுக்கு அதுதான் கஷ்டம். கடக்கரையில வேற. முந்தின வாரமே கடலுக்குப் போன போட்டுகள் ஒண்ணும் திரும்பல. கிளீட்டஸ் போட்டும் அதுல ஒண்ணு. ஏழு பேரு.

சனிக்கிழமை காலையில ததேயுஸ் பாலிடெக்னிக்குக்கு வந்தான். ஆகஸ்டுக்குப் பிறகு அன்னைக்குத்தான் அவன் முகத்தைப் பாக்கேன். பஸ் ஓடல, பாதித் தூரம் நடந்து வந்திருக்கான். லீவுநாள், ஆனா ஜெனரேட்டர் இருக்கதுனால நான் லேப்ல இருந்தேன். அவன் வாசல்லயே நின்னான். உள்ள வான்னு சொன்ன பிறகுதான் வந்தான்.

சொன்னான். அரசாங்கம் ஒரு பக்கம் தேடுது. ஆனா கடல் பெருசு. எந்த நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்துட்டுப் போகும்னு இந்த ஆளுங்களுக்குத்தான் தெரியும். ஊர்க்காரங்களே போட்டு எடுத்துட்டுப் போய்த் தேடதுக்கு நிக்காங்க. மேற்க, ரொம்பத் தூரம் போகணும். ஒரு போட்டுக்கு ரெண்டாயிரம் லிட்டர் டீசல் வேணும். மாதா கோயில்ல பிரிச்ச பணம் பக்கத்துல தேடத்தான் காணும். திருவனந்தபுரத்துல ஷாஜின்னு ஒருத்தர், இந்த நாணயத்தை வாங்கிட்டு ரூபாயா கையில கொடுக்க ஆளு. அவர்கிட்டப் பேசி வச்சிருக்கான். அனுப்பினது ஒரு பிளாக்ல ஏறிட்டா உடனே பணம் கொடுத்து விடுதேன்னு சொல்லியிருக்காரு. டீசலும் சொல்லி வச்சாச்சு.

பையில இருந்து ஒரு பென் டிரைவ் எடுத்து மேசையில வச்சான். புதுப் பக்கத்துப் பொதுப் பணத்தை ஷாஜிக்கு அனுப்பதுக்கு எல்லாம் எழுதி, அவன் கையெழுத்தும் போட்டே கொண்டு வந்திருக்கான். நான் போடணும். அவ்வளவுதான் பாக்கி.

“நீ சொன்னது சரியோ நான் சொன்னது சரியோ, அது இப்ப வேண்டாம் மக்கா. கையெழுத்து போடு. எனக்க அண்ணன் கடல்ல கெடக்கான்.”

நான் மாட்டேன்னு சொல்லல சார். அதை நீங்க நல்லாப் புரிஞ்சுக்கிடணும். நான் ஒருநாளும் மாட்டேன்னு சொல்லல. நான் என்ன சொன்னேன்? ‘புதுப் பக்கம் எதுக்குலே, அதுல நாலு லட்சம்தான் வரும். பழைய பக்கத்துல முப்பது லட்சம் இருக்கு. முழுசையும் அனுப்புதேன், பத்து போட்டு போகட்டும்’னு சொன்னேன். எவன் சொல்லுவான் சார் அப்படி? ஒரு பைசா மிச்சம் வைக்காம.

அவன் சொன்னான், நாலு லட்சம் போதும், மூணு போட்டு போகும், இன்னைக்கே போகும். அந்தப் பக்கம் பிளாக் காலியாக் கெடக்கு, உடனே ஏறும். இந்தப் பக்கம் நெரிசல். ‘நீயே பாரு’ன்னு சொன்னான்.

நெரிசல்தான். அப்ப விலை ஏறிட்டு இருந்த நேரம், ஊரு உலகமெல்லாம் வந்து விழுந்துட்டு இருந்துது. ஆனா நான் ஒரு கணக்குப் போட்டேன். சனி ஞாயிறு எப்பவும் கூட்டம் குறையும். அரை மணி நேரம், அதிகம் போனா ஒரு மணி நேரம். அதை அவன்கிட்டச் சொன்னேன்.  அவன் லேப்டாப்பைத் திறந்து, நான் கேட்ட இடத்துல கையெழுத்து போட்டுக் கொடுத்தான். அவனுக்கு வேற வழி இல்ல பாத்துக்கிடுங்க. என் சாவி இல்லாம எந்தப் பக்கமும் நகராது.

இதுல ஒரு சிக்கல். அதையும் சொல்லிருதேன், ஏன்னா நியாயமா எல்லாம் சொல்லணும். அந்தப் பொதுப் பணம் நூத்தி எண்பது பேரு சின்னச் சின்னதாப் போட்டது. ஒருத்தன் நூறு ரூபாய், ஒருத்தன் இருநூறு ரூபாய். நாணயம் விலை ஏறி ஏறித்தான் அது லட்சக்கணக்குல ஆச்சு. அதை மொத்தமா அனுப்பும்போது நூத்தி எண்பதையும் தனித்தனியா எழுதணும். அப்ப அது அடைக்க இடம் ரொம்ப. ஒரு ஆளு ஒரு பெரிய தொகை அனுப்பினா இத்தனூண்டு இடம் போதும். நம்முது ஒரு பிளாக்குல இருபதுல ஒரு பங்கு கேக்கு. இடத்துக்குத்தான் கட்டணம், தொகைக்கு இல்ல. உடனே ஏறணும்னா எண்பதாயிரம் ரூபாய் காட்டுச்சு. எண்பதாயிரம் சார், அனுப்பக் கூலி. பொதுப் பணம், நாளைக்கு நூத்தி எண்பது பேருக்கு நான் பதில் சொல்லணும். இருபதாயிரம் வச்சேன். காலையில நெலவரத்துக்கு அது போதும்.

பன்னிரண்டே காலுக்கு அனுப்பினேன். பென் டிரைவை மேசை இழுப்பறைக்குள்ள வச்சேன். அவன் அதைக் கேக்கல. விட்டுட்டுப் போயிட்டான். மறந்து விட்டுட்டுப் போனான்னு அப்ப நினைச்சேன்.

ஒரு பிளாக் வந்துது. நம்முது இல்ல. அடுத்தது வந்துது. அதுலயும் இல்ல. கூட்டம் குறையல. நமக்கு மேல கட்டணம் கட்டுறவன் வந்துட்டே இருக்கான். அங்க எவனோ சூதாடுதான், எவனோ ஒரு கம்பெனி ஆயிரம் பேருக்குச் சேத்து அனுப்புதான், எல்லாவனும் நமக்கு முன்னால ஏறுதான். கட்டணத்தைப் பின்னால கூட்டிக்கிடலாம், இப்ப உள்ள மென்பொருள்ல. எங்க பொதுக் கணக்கு பழைய மென்பொருள்ல இருந்துது, அதுல அந்த வசதி இல்ல.

சாயங்காலம் ததேயுஸ் போன் பண்ணினான். ‘ஏறிச்சா?’ இல்ல, அடுத்த பிளாக்ல ஏறிரும்னேன். ‘அந்த பென் டிரைவ்ல உள்ளதுல கையெழுத்தைப் போட்டிரேன் மக்கா’ன்னு கேட்டான். பொறு, இப்ப ஏறிரும்னேன். டீசல்காரன் டிரம்மை எல்லாம் கரையில இறக்கி வச்சிட்டு ரூபாய்க்காக நிக்கான்னு சொன்னான். நான் கைச்செலவுக்கு வச்சிருந்த எட்டாயிரத்தை வந்து வாங்கிக்கன்னேன். அவன் போனை வச்சிட்டான்.

ஞாயித்துக்கிழமை ரெண்டு தடவை கூப்பிட்டான். அன்னைக்கு மத்தியானம் நம்ம குரூப்ல ஒருத்தன் எழுதுதான்: ‘தாணு சார் அந்தப் பக்கம் கையெழுத்து போடப் போறதா கேள்விப்பட்டோமே, உண்மையா?’ நான் என்ன செய்ய? ‘இல்லை’ன்னு எழுதினேன். மூணெழுத்து. அதை எழுதின பிறகு எப்படிப் போடுவேன், சொல்லுங்க.

நான் தூங்கல சார். சாப்பிடல. எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. லேப்லயே கெடந்தேன் மூணு நாள். ஒவ்வொரு பிளாக்கா எண்ணினேன். இழுப்பறை என் முழங்காலுல இடிச்சுட்டேதான் இருந்துது. திறக்கல. திறந்தா இவ்வளவு நாள் நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிரும்லா. அவனுக்காக மட்டும் இல்ல, அந்தப் பணம் நல்லா இருக்கணும், நாளைக்கு உலகத்துக்கே உபயோகப்படணும்னா ஒருத்தராவது சொன்ன சொல்லுல நிக்கணும்லா. அப்படி நினைச்சேன். ஞாயிறு சாயங்காலம் அப்படித்தான் நினைச்சேன். திங்கக்கிழமை என்ன நினைச்சேன்னு ஞாபகம் இல்ல.

திங்கக்கிழமை அவன் ஒரு தடவைதான் கூப்பிட்டான். “தாணு, நான் கெஞ்சணும்னா கெஞ்சுதேன்”னான். ‘அதெல்லாம் எதுக்குலே, இதோ அடுத்த பிளாக்’னேன்.

செவ்வாய்க்கிழமை காலையில ஒன்பது மணிக்கு ஏறிச்சு. நான் அழுதுட்டேன். லேப்ல தனியா நின்னு அழுதேன், சந்தோஷத்துல. நம்ம வழி கைவிடல, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்னு நினைச்சேன். ஷாஜி சொன்ன வாக்கைக் காப்பாத்தினாரு, பதினோரு மணிக்கு முழுப் பணமும் கரைக்கு வந்துட்டுது. மத்தியானம் ஒன்பது போட்டு போச்சு. மூணு இல்ல, ஒன்பது.

புதன்கிழமை சாயங்காலம் கண்டுபிடிச்சாங்க. கிளீட்டஸோட போட்டு கவுந்து மெதந்துட்டு இருந்திருக்கு. அதுக்கு மேல ஒரே ஒரு ஆளு, அருளப்பன்னு பேரு, கயித்தால தன்னைக் கட்டிட்டுக் கெடந்திருக்கான். உசிரு இருந்துது. மேலெல்லாம் உப்பு அரிச்சு, பேச்சு வரல. கரைக்குக் கொண்டு வந்து ரெண்டு நாள் கழிச்சுப் பேசினான்.

அஞ்சு பேரு முதல் நாளே போயிட்டாங்களாம். கிளீட்டஸும் அருளப்பனும் கவுந்த போட்டு மேல ஏறிட்டாங்க. மழைத் தண்ணியைச் சட்டையில பிடிச்சுப் பிழிஞ்சு குடிச்சிருக்காங்க. கிளீட்டஸ்தான் அவனைத் தூங்க விடாம பேசிட்டே இருந்திருக்கான். ஊர்க்காரங்க வருவாங்க, எனக்க தம்பி சும்மா இருக்க மாட்டான்னு சொல்லிட்டே இருந்தானாம். திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பேசினான். பிறகு பேசல. கயித்தை எப்ப விட்டான்னு அருளப்பனுக்குத் தெரியல.

சனிக்கிழமை சாயங்காலம் போட்டு கெளம்பியிருந்தா ஞாயித்துக்கிழமை அங்க போயிருக்கும்னு சிலபேரு சொன்னாங்க. என் காதுபடவே சொன்னாங்க. ஆனா சார், நீரோட்டம் நாளுக்கு நாள் மாறும். ஞாயித்துக்கிழமை அந்தப் போட்டு எங்க கெடந்துதுன்னு யாருக்குத் தெரியும்? அதைவிட, மூணு போட்டு எங்க, ஒன்பது போட்டு எங்க? ஒன்பது போனதுனாலதான் அருளப்பன் கிடைச்சான்னுகூடச் சொல்லலாம். நான் இதைப் பலபேர்கிட்டச் சொல்லியிருக்கேன். யாரும் மறுத்ததில்ல. ஆமான்னும் சொன்னதில்ல.

உடல் கிடைக்கல. ஒரு மாசம் பாத்துட்டு கோயில்ல பூசை வச்சாங்க. நான் போனேன். போகாம இருப்பேனா? கிளீட்டஸ் பெண்டாட்டி பெல்சி, ததேயுஸ் மாதிரி நானும் அண்ணி முறையில மைனின்னுதான் கூப்பிடுவேன், ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளைப் பக்கத்துல வச்சுட்டு உக்காந்திருந்தா. என்னைப் பாத்து, ‘ஒங்களாலதான் கடைசியில போட்டு போச்சுன்னு ததேயுஸ் சொன்னான்’னு கையைப் பிடிச்சுட்டா. அவன் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கான், சார். அவகிட்ட அவ்வளவுதான் சொல்லியிருக்கான்.

நான் ததேயுஸைத் தனியாக் கூட்டிட்டுப் போனேன். கோயிலுக்குப் பின்னால, வலை காயப்போட்டிருந்த இடம். எல்லாம் விளக்கிச் சொன்னேன். நூத்தி எண்பது துண்டு, அது பிடிச்ச இடம், சனிக்கிழமை காலை நெலவரம், பிறகு ஏறின கட்டணம், ஒவ்வொண்ணா. வரைபடம் பிரிண்ட் எடுத்துட்டுப் போயிருந்தேன், மணிக்கு மணி வரிசை எவ்வளவு நீளம் இருந்துதுன்னு. அவன் முழுசையும் கேட்டான். பேப்பரை வாங்கிப் பாத்தான். மடிச்சுத் திருப்பிக் கொடுத்தான்.

பிறகு பாக்கெட்டுல இருந்து ஒரு சின்னக் கடுதாசியை எடுத்து என் கையில வச்சான். அவனோட சாவி. இருபத்தி நாலு வார்த்தை, அவன் கையெழுத்துல.

“இனி ரெண்டு பேரு கையெழுத்து வேண்டாம். நீயே போட்டுக்க.”

அதுதான் அவன் என்கிட்டப் பேசின கடைசி.

கடையை வித்துட்டான். பெல்சியையும் பிள்ளைகளையும் பாக்கணும்லா. அண்ணன் பேர்ல போட்டுக்கடன் வேற. வளைகுடாவுக்குப் போயிட்டான், மீன்பிடிக்க. அவன், சார். வள்ளத்துல ஏறினா வாந்தி எடுக்கவன். இப்பவும் அங்கதான் இருக்கான். மாசாமாசம் அனுப்புதானாம். ஏஜென்ட் மூலமா.

நான் அந்தக் கடுதாசியை பீரோவுல வச்சிருந்தேன். புதுப் பக்கத்துல உள்ள பணம் அப்படியே கெடந்துது. எடுக்கணும்னா இப்ப என் ஒருத்தன் கை போதும். ஆனா எடுக்கல. குழுவுல யாரும் கேக்கல, குழுவே இல்ல இப்ப. அதுக்குள்ள நம்ம பக்கம் ஜெயிச்சாச்சு, புதுப் பக்கம் சுருங்கிப் போச்சு. நான் சொன்னதுதான் நடந்துது. கூட்டத்துக்குக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. மதுரை, சென்னை, இப்ப கோயம்புத்தூர். நல்லாப் பேசுவேன் சார். பிள்ளைகளுக்குப் புரியும்.

போன வருஷம் ஒருநாள் மத்தியானம், ஏன்னு தெரியல, இந்த மாதிரி ஒரு பேச்சுக்குத் தயார் பண்ணும்போதுன்னுதான் நினைக்கேன், அந்தக் கடுதாசியை எடுத்தேன். அவன் சாவியையும் போட்டேன், என் சாவியையும் போட்டேன். அந்தப் பக்கம். முதல் தடவை. வாங்குற ஆளு ஒருத்தருக்கு அனுப்பிட்டு, ஸ்கிரீனைப் பாத்துட்டு இருந்தேன். அதே நூத்தி எண்பது துண்டுதான். கட்டணம் முப்பது ரூபாய்கூட இல்ல.

ஏழு நிமிஷம்.

நான் தண்ணி குடிக்க எந்திரிச்சேன், திரும்பி வரும்போது ஏறியாச்சு.

வந்த பணத்தை மைனி கணக்குல போட்டேன். பேங்க்ல இருந்து மெசேஜ் வந்தா பயந்துருவாளேன்னு நானே போன் பண்ணினேன். நம்பர் மாறாம இருந்துது. நான் தாணுன்னேன், எங்க குழுப் பணம், பிள்ளைகளுக்கு வச்சுக்கிடுங்கன்னேன். அவ படிச்சவ இல்ல. ஆனா எங்கிருந்து வந்துது, என்ன பணம்னு ஒவ்வொண்ணாக் கேட்டா. நானும் பதில் சொன்னேன். பிளாக்கு, சங்கிலி, பழைய பக்கம், புதுப் பக்கம், ஏழு நிமிஷத்துல ஏறினது, எல்லாம் சொன்னேன். எனக்கு விளக்கிச் சொல்லது பழக்கம்லா. அவ கேட்டுட்டே இருந்தா. நடுவுல ஒரு இடத்துல நிறுத்தினா.

“அப்பவே இருந்துதா இந்தப் பணம்?”

இருந்துதுன்னேன்.

“ஏழு நிமிஷத்துல வரும்னு அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?”

நான் வரிசையைப் பத்திச் சொல்லப் போனேன் சார். அந்தப் பக்கம் வரிசையே கிடையாதுன்னு நானே எனக்குச் சொன்ன மாதிரி இருந்துது. தெரியும்னேன்.

 அவ அழல. போனை வைக்கவும் இல்ல. அங்க பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டுது. அவ மூத்த மக போல, யாரும்மா போன்லன்னு கேக்கா.

“தெரிஞ்ச ஆளு இல்ல மக்களே”ன்னு சொல்லி வச்சிட்டா.